அரக்கருக்கு இரண்டு குறைவு

அரக்கர்கள் பிறவியிலேயே மந்தபுத்தி உடையவர்கள் என்று பொதுமக்களிடையே பரவலாக நிலவிவரும் நம்பிக்கை முற்றிலும் ஆதாரமற்றது என்பதை எல்லாவற்றுக்கும் முன்பாகப் பொறுப்புடன் தெரிவித்துவிட வேண்டும். அவர்களுடைய அறிவு மற்றவர்களைவிட இரண்டு புள்ளி குறைவு, அவ்வளவே. அந்த இரண்டையும் இயற்கை குறைக்கவில்லை. நான் குறைத்தேன், நான்கு வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, மீந்துபோன வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில், பச்சை மையால். பச்சை மையில் எழுத எனக்கு எந்த அதிகாரமும் கிடையாது, கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவன். ஆனால் அரக்கர் விஷயத்தில் அன்று யாரும் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை. ஆட்சேபம் வந்துசேர நான்கு வருடம் ஆகியிருக்கிறது; இப்போது அது பதினான்காம் எண் தேர்வறையின் அந்தக் கோடியில், ஜன்னலோரம், மாம்பழ நிறச் சேலையில் நின்றுகொண்டு என்னைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஹெலன் ரத்னா, பொருளாதாரத் துறை. மணி பத்து ஐம்பது. தேர்வு ஒரு மணிக்கு முடியும். முப்பத்தாறு பேர் வணிகச் சட்டம் எழுதுகிறார்கள், நாங்கள் இரண்டு பேர் அவர்களைக் கண்காணிக்கிறோம். கண்காணிப்பவர்கள் படிக்கக் கூடாது, எழுதக் கூடாது, கைப்பேசி வைத்திருக்கக் கூடாது, ஒருவரோடு ஒருவர் பேசக் கூடாது. இந்தக் கடைசி விதியை ஹெலன் மேடம் பத்து வருடத்தில் இன்றுதான் முதல்முறையாகக் கடைப்பிடிக்கிறார்.

சனிக்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு மகாராஜநகரில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் நான்கு பேர் உட்காருவோம். நான் கதை சொல்லுவேன். மற்ற மூவரும் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் இருப்பார்கள்; நான் "எதிரில் ஒரு பாலம், பாதி உடைந்திருக்கிறது" என்றால் தாண்டுவதா திரும்புவதா என்று அவர்கள் சொல்ல வேண்டும், தாண்டினால் விழுவார்களா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பகடையில் வரும் எண்ணோடு அந்தப் பாத்திரத்தின் குணத்துக்குரிய புள்ளியைக் கூட்டவோ கழிக்கவோ வேண்டும், நான் குறித்திருக்கும் எண்ணைத் தொட்டால் காரியம் ஜெயம். குணங்கள் ஆறு: வலிமை, வேகம், தாங்கும் சக்தி, அறிவு, நிதானம், வசீகரம். பிறந்த குலத்தைப் பொறுத்துப் புள்ளிகள் ஏறும் இறங்கும். வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் பிச்சையா ஓர் இயக்கன், இருட்டில் கண் தெரியும், பார்வை சம்பந்தப்பட்ட எதற்கும் இரண்டு கூடுதல். என் மனைவி கோமு ஒரு நாகினி. ஹெலன் மேடம் அரக்கி. பெயர் கனகவல்லி. "அரக்கிக்கு கனகவல்லின்னு பேரா மேடம்?" என்று முதல் நாள் பிச்சையா சிரித்ததற்கு, "ஒமக்கு பிச்சையான்னு பேரு வச்சப்போ யாரும் சிரிக்கலையாவே?" என்று கேட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. கனகவல்லி சண்டை போட மாட்டாள். அவளுக்குப் பழைய எழுத்துகளைப் படிப்பதில் பைத்தியம். போன சனிக்கிழமை மூன்று பேரும் ஒரு குகைக்குள் மாட்டிக்கொண்டார்கள், பின்னால் பாறை சரிந்து வழி அடைத்துவிட்டது, முன்னால் ஒரு கல்கதவு, கதவின் மேல் ஒரு கல்வெட்டு, கதவைத் திறக்கும் வழி அந்தக் கல்வெட்டிலேயே இருக்கிறது, கீழே தண்ணீர் ஏறுகிறது. தண்ணீர் விஷயத்தில் நான் மிகவும் கவனமாக இருந்தேன், நோட்டில் மூன்று பக்கம் எழுதியிருந்தேன், முதல் சுற்றில் கணுக்கால், இரண்டாம் சுற்றில் முழங்கால், அரிசி மூட்டை எப்போது நனையும், பந்தம் எப்போது அணையும், குளிரில் யாருக்கு எவ்வளவு தாங்கும் சக்தி குறையும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. கனகவல்லி பந்தத்தை வாங்கி, "நான் படிக்கேன்" என்றாள். பதினைந்து வேண்டும். ஹெலன் மேடம் பகடையை உள்ளங்கையில் ஊதி உருட்டினார். பதினாறு. கோமு கைதட்டினாள். நான், ஒரு விதியைச் சுட்டிக்காட்டும்போது மட்டும் எனக்கு வாய்க்கும் அந்த இனிமையான குரலில், "அரக்கருக்கு அறிவில் இரண்டு குறைவு, பதினாறில் இரண்டு போனால் பதினான்கு" என்றேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது. மணி ஏழரை, அதோடு ஆட்டத்தை நிறுத்தினேன். ஒரு வாரம் யோசிக்கட்டும் என்று எனக்குள் ஒரு சின்னப் பெருமைகூட இருந்தது.

ஹெலன் மேடம் பகடையைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது, இல்லை, அது கடைசி வரிசையில் ஒரு பெண் பேனாப் பையைத் திறக்கும் சத்தம். "பகடை கெட்டுப்போனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் சார். ஒண்ணு விழுந்துருந்தா செத்துட்டுப் போறான்னு விட்டுருப்பேன். பதினாறு விழுந்துருக்கு. பிறக்கையிலயே ரெண்டு கழிச்சிட்டு, பகடை எல்லாருக்கும் ஒண்ணுதான்னு சொல்லுதீங்க பாத்தீங்களா, அதான் எனக்குத் தாங்கல." விதி விதிதான் மேடம், நான்கு வருடமாக இருக்கிறது என்றேன். "நாலு வருசமா அவளுக்குப் படிக்க வேண்டிய அவசியம் வரல. இப்ப வந்துருக்கு. நீங்க யோசிங்க. அந்த ரெண்டு அங்க இருக்க வரைக்கும் நான் வரல." வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது இது. பிச்சையாவும் எழுந்துவிட்டான், கொள்கையால் அல்ல, அவன் வீட்டுக்குப் போவது அவருடைய ஸ்கூட்டரின் பின்னால். ஆக ஹெலன் மேடம் வரவில்லை என்றால் பிச்சையாவும் இல்லை, பிச்சையா இல்லை என்றால் நானும் கோமுவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்து, நான் அவளிடம் "எதிரில் ஒரு பாலம்" என்று சொல்ல, அவள் "எரிவாயு சிலிண்டருக்குப் பதிஞ்சீங்களா" என்று கேட்க, அதுவும் ஒரு சனிக்கிழமைதான். நாற்பத்தெட்டு வயதில் எனக்கு இருக்கும் நண்பர்கள் அந்த மேசையில் உட்காருகிறவர்கள்தான், இது மிகைப்படுத்தல் அல்ல, எண்ணிப் பார்த்திருக்கிறேன், எண்ணுவது என் தொழில். இன்று மாலை நான்கு மணிக்கு நாற்காலி காலியாக இருந்தால் விதிப்படி கனகவல்லி ஐந்தாம் சுற்றில் மூழ்கிவிடுவாள், நான்காம் சுற்று முடிந்துவிட்டது.

"சார், அடிஷனல்." கடைசி வரிசைக்கு முந்திய வரிசையில் ஒரு மாணவி கூடுதல் தாள் கேட்டாள். கொடுத்துவிட்டு வந்தேன். அந்தப் பெண்ணை நான் முக்கால் மணி நேரமாகக் கவனித்துக்கொண்டிருக்கிறேன். நல்ல உயரம், அகன்ற தோள், நான் இப்படி ஒரு மாணவியைப் பார்த்ததில்லை, எழுந்தால் கரும்பலகையின் மேல்சட்டம் எட்டும். நேராக உட்காராமல் வலப்பக்கம் சாய்கிறாள், சிறிது நேரம் கழித்து இடப்பக்கம், பக்கத்து இருக்கைக்காரி தன் தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். இரண்டு தடவை பின்னால் போய் நின்றேன், ஒரு தடவை பத்து நிமிடம். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாதது சந்தேகத்தைக் குறைக்க வேண்டும், ஆனால் குறைக்கவில்லை, இது பற்றி என் துறையில் நல்ல பாடம் ஒன்று உண்டு, நானே நடத்துவேன். சராசரிக்கு வருவோம். ஆயிரம் அரக்கர்களை வரிசையில் நிறுத்தி அறிவை அளந்தால் ஒரு மேடு வரும், ஆயிரம் மனிதர்களை அளந்தால் இன்னொரு மேடு, இரண்டு மேட்டின் உச்சிகளுக்கும் இடையில் இரண்டு புள்ளி தூரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், நான் வைத்துக்கொண்டேன். ஆனால் இரண்டு மேடும் அடிவாரத்தில் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக்கிடக்கின்றன. அரக்கர் மேட்டின் வலது சரிவில் நிற்கும் ஒருத்தி மனித மேட்டின் உச்சியைத் தாண்டி நிற்கலாம். கனகவல்லி ஆயிரத்தில் ஒருத்தி, சண்டைக்குப் போகாமல் கல்வெட்டைத் தடவிக்கொண்டு அலைகிறவள், அவளிடம் போய் மற்ற தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது பேரின் சராசரியைக் கழிப்பது என்றால், அது, எப்படிச் சொல்ல, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இருக்கிறதென்று என் காபியில் சர்க்கரை போடாமல் விடுவது. முதலாண்டு மாணவன் இந்தத் தப்பைச் செய்தால் நான் சிவப்பில் சுழிப்பேன். பச்சையில் நானே செய்திருக்கிறேன்.

அப்படியானால் எடுத்துவிட வேண்டியதுதானே என்று கேட்டால், பொறுங்கள், அது அவ்வளவு சுலபமல்ல, சுலபமாக இருந்தால் புதன்கிழமையே தூங்கியிருப்பேன். எல்லாவற்றையும் எடுத்துவிட்டால் அரக்கி என்பதற்கு என்ன அர்த்தம்? இதைப் பிச்சையாவிடம் வியாழக்கிழமை ஆய்வகத்தில் கேட்டேன், அவன் சோதனைக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். "குலத்துக்குக் கூட்டல் கழித்தலே வேண்டாம்னு வச்சா என்ன பிச்சையா?" குழாயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபடி, "அப்போ நான் எதுக்கு சார் இயக்கன்? சும்மா பிச்சையாவாவே வந்துட்டுப் போவேன்லா. வாரம் பூரா அதான இருக்கேன்" என்றான். நியாயம். வேறொன்றாக இருப்பதற்குத்தான் வருகிறார்கள், வேறொன்றாக இருப்பது எதையும் மாற்றாது என்றால் அது மாறுவேடப் போட்டி, பவுடரும் தலைப்பாகையும். கோமுவைக் கேட்டேன். அவளுக்கு ஏற்கெனவே என் மேல் ஒரு வழக்கு உண்டு: நாகர்களுக்குக் காதால் கேட்டறிய வேண்டிய எதற்கும் மூன்று குறைத்திருக்கிறேன், பாம்புக்குக் காது கிடையாது என்று. வெளிக்காதுதான் கிடையாது, தரையின் அதிர்வைத் தாடை எலும்பால் வாங்கும், இது எனக்குத் தெரியும், ஆனாலும் குறைத்தேன். "நீங்க மாடியில பீரோவைத் திறந்தா எனக்கு அடுப்பங்கரையில கேக்கும். எனக்கு மூணு குறைவா?" என்றாள். நாகினியும் அவளும் வேறு என்று விளக்க முயன்றேன். "அது எனக்குத் தெரியாதாக்கும்" என்றாள். அவளுக்குத் தெரியும், எனக்குத்தான் சரியாகத் தெரியவில்லை என்று இப்போது தோன்றுகிறது. அப்புறம் தராசு இருக்கிறது. அரக்கனுக்கு வலிமையில் இரண்டு கூட்டினேன்; கூட்டியதற்கு எங்காவது இரண்டு கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் எல்லோரும் அரக்கர்களாகவே பிறக்க விரும்புவார்கள். இதில் ஒரு நீதி இருக்கிறது, கடைக்காரன் நீதி. சரி. ஆனால் கழிப்பதற்கு ஐந்து வரிசை இருந்தது. வேகத்தில் கழித்திருக்கலாம், பெரிய உடம்பு மெல்லத் திரும்பும், யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். வசீகரத்தில் கழித்திருக்கலாம். நிதானத்தில். ஐந்து வரிசை இருந்தது, பேனா நிற்கவேயில்லை, நேராக அறிவுக்குப் போயிற்று, யோசித்த ஞாபகமே இல்லை, அந்த இரண்டுக்குப் பக்கத்தில் அடித்தல் திருத்தல்கூட இல்லை, மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

ஹெலன் மேடம் வருகைத்தாளோடு வரிசை வரிசையாகக் கையெழுத்து வாங்குகிறார். என் பக்கம் வந்ததும், "சார், நூல்" என்றார். விடைத்தாள் கட்டும் வெள்ளை நூல்கண்டை நீட்டினேன். "இந்தாங்க மேடம்." வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஒரு வாரத்தில் நாங்கள் பேசிக்கொண்ட மொத்தமும் இது. பத்து வருடத்துக்கு முன் அவர் வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் நானும் இருந்தேன். பெயரைக் கேட்டார்கள், சொன்னார். ஊர் கேட்டார்கள், சொன்னார், கடற்கரைப் பக்கம். நம் ஊரில் இதற்கு அடுத்து ஒரு சின்ன இடைவெளி உண்டு, யாரோ தேநீரை உறிஞ்சுவார்கள், மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றும், பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அங்க எந்தத் தெரு?" அந்தக் கேள்விக்குப் பதில் வந்தவுடன் கேட்டவரின் மனதில் ஒரு பட்டியல் திறக்கும், யாருக்கு எங்கே எவ்வளவு கூட்டல், எங்கே எவ்வளவு கழித்தல், எல்லாம் அதில் இருக்கும், பச்சை மையிலா கறுப்பு மையிலா தெரியாது. ஹெலன் மேடம் சிரித்துக்கொண்டே, "பஸ் ஸ்டாப்பு பக்கத்துத் தெரு சார்" என்றார். அந்த ஊரில் எத்தனை பஸ் ஸ்டாப் என்று யாருக்கும் தெரியவில்லை. நான் அன்று ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததற்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன், அதே வாரம், ஒருவேளை அடுத்த வாரம், எப்படியோ. நான் கேட்கவில்லைதான். ஆனால் பதிலுக்காகக் காத்திருந்தேன். தேநீரை உறிஞ்சியது நான்தானோ. ச்சே, இதற்கும் அரக்கருக்கும் சம்பந்தமில்லை, இது ஆட்டம், அது உலகம், ஒன்றை இன்னொன்றில் கொண்டுவந்து கலக்கக் கூடாது என்று நான்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பேன். மணி பதினொன்று நாற்பது. வேப்பமரத்தில் ஒரு அணில் கத்திக்கொண்டே இருக்கிறது. கத்துவதை நிறுத்தினால்தான் இவ்வளவு நேரம் கத்தியது தெரியும்.

அந்த உயரப் பெண் மறுபடி இடப்பக்கம் சாய்ந்தாள். நான் ஓரடி வைத்தேன், ஆனால் ஹெலன் மேடம் அவளருகே போய்விட்டார். குனிந்து, தாளைப் பார்க்கவில்லை, மேசைக்குக் கீழே பார்த்தார். "ஏம்மா, முட்டி இடிக்கா?" அந்தப் பெண் தலையை ஆட்டினாள். "மொதல்லயே சொல்லக் கூடாதா? எந்திரி. தாள எடுத்துட்டு அந்த மேசைக்கு வா." அறையின் முன்பக்கம் எங்களுக்காகப் போட்டிருந்த மேசை, நாங்கள் உட்காரக் கூடாத மேசை. நான் அருகே போய், இருக்கைத் திட்டத்தில் இப்படி இடமாற்றம் செய்யக் கூடாது மேடம் என்றேன், தணிந்த குரலில். "பேனாவால மாத்திக்கிடலாம் சார். நான் கையெழுத்துப் போடுதேன்" என்றார், என்னைப் பார்க்காமலே. அந்தப் பெண் பெரிய மேசையில் கால்களை நீட்டி உட்கார்ந்தாள். பிறகு அவள் சாயவே இல்லை. எழுத்துகூட மாறிவிட்டது, இங்கிருந்தே தெரிகிறது, வரி நேராக ஓடுகிறது. ஐந்தரை அடிக்காரனுக்காக எவனோ தச்சன் ஒரு நாள் அளவெடுத்திருக்கிறான், அந்த அளவில் ஆயிரம் பெஞ்சு. அவள் அதில் முட்டியை மடக்க முடியாமல் நெளிந்தாள், நான் பின்னால் போய்ப் பத்து நிமிடம் நின்றேன். கண் முன்னாலேயே அவளுக்கு இரண்டு குறைந்துகொண்டிருந்தது, குறைத்தவற்றில் ஒன்று பெஞ்சு, மற்றொன்று நான். நான் எதற்கு நின்றேன்? பெரிய உடம்பு, பின்வரிசை. நானும் பின்வரிசைதான். அம்பாசமுத்திரத்தில் எட்டாம் வகுப்பில் நான் ஐந்தடி பத்து அங்குலம், விளையாட்டு வாத்தியார் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, "ஏலேய் மலை" என்பார். மாவட்ட வினாடி வினாவுக்கு மூன்று பேரை எடுக்கிறார்கள் என்று நான் போய் வரிசையில் நின்றேன், எனக்கு எல்லா நாடுகளின் தலைநகரமும் தெரியும், அப்போதிருந்த எல்லா நாடுகளும். அறிவியல் சார் வரிசையை ஒரு பார்வை பார்த்தார், விளையாட்டு வாத்தியார் என் தோளைப் பிடித்துத் திருப்பினார். "இந்த உடம்ப வச்சிக்கிட்டு ஒனக்கு எதுக்குல வினாடி வினா? நீ குண்டு எறி." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இதை நான் நூறு தடவை வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறேன், சிரிப்பு வரும் இடத்தில் நிறுத்திவிடுவேன். நிறுத்தாமல் போனால் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. குண்டு எறிதலில் நான் கடைசி. அதற்கு வேண்டியது உடம்பு இல்லை, காலைச் சுழற்றும் வித்தை, அதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, மலைக்குத் தானாக வரும் என்று இருந்துவிட்டார்கள். எறிந்துவிட்டுக் கை நிறையச் சுண்ணாம்போடு வந்தபோது, மைதானத்தை ஒட்டி வினாடி வினா நடந்துகொண்டிருந்த அரங்கத்தின் ஜன்னல் வழியாகக் கேள்வி காதில் விழுந்தது: ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? எங்கள் பள்ளி "ஒன்று" என்றது. நான் வெளியே நின்றபடி "மூணு" என்றேன். பக்கத்தில் ஒரு சைக்கிள் இருந்தது, வேறு யாரும் இல்லை.

ஆக வலிமையில் கூட்டிய இரண்டும் பிழை. இது புதிது. ஒரு வாரமாகக் கழித்ததைப் பற்றியே சுற்றிக்கொண்டிருந்தேன், கூட்டியதை யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. கூட்டியது உபகாரம் மாதிரி இருக்கிறது, ஆனால் அந்தக் கூட்டலை வைத்துத்தான் கழித்தலுக்கு ரசீது போடுகிறார்கள். அப்படியானால் எண்களே வேண்டாம். கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. படிப்பும் பயிற்சியும் எங்கே வளர்ந்தாய் என்பதைப் பொறுத்து வரட்டும், துறைமுகத்தில் வளர்ந்தவளுக்கு ஒன்று, கோட்டையில் வளர்ந்தவனுக்கு ஒன்று, அரக்கி துறைமுகத்தில் வளரட்டுமே. குலத்துக்கு வேறு ஏதாவது, பிச்சையா வெறும் பிச்சையாவாக வந்துவிடாதபடிக்கு. என்ன? குலம் ஒன்றுக்கு, வேறு யாராலும் முடியாத ஒரு காரியம். சரி. அதோடு வேறு யாருக்கும் இல்லாத ஒரு தொல்லை. இயக்கனுக்கு இருட்டில் கண் தெரியும், நண்பகல் வெயிலில் கண் கூசும். நாகினி தரையில் கைவைத்தால் ஒரு காத தூரத்தில் வருகிற குதிரை தெரியும், சந்தையில் தலை வலிக்கும். அரக்கி? அரக்கி கல்லைப் பெயர்ப்பாள். அவள் தொல்லை, உலகத்தில் எந்த நாற்காலியும் அவளுக்காகச் செய்யப்படவில்லை, எந்த வாசலும், எந்தக் கட்டிலும், எந்தப் படகும். பிழை அவள் மேல் இல்லை, தச்சன் மேல். அட. இதில் கதை இருக்கிறது, கழித்தல் இரண்டில் கதை இல்லை, ஒரு வாசல்படியில் அரக்கி குனிந்து நுழைவதில் இருக்கிறது. எனக்கு உள்ளங்கை அரித்தது. பேனா சட்டைப்பையில். உடனே எழுதாவிட்டால் போய்விடும், இந்த வயதில் நினைப்பு குளியலறைக்கும் கூடத்துக்கும் இடையில் ஆவியாகிவிடுகிறது. கையில் இருந்த காகிதத்தை ஜன்னல் கட்டையில் வைத்து எழுத ஆரம்பித்தேன். குலம், காரியம், தொல்லை. மூன்று பத்தி. அரக்கர் முதலில். பன்னிரண்டு குலம், ஒவ்வொன்றும் முடிந்ததும் அடுத்தது தானாக வந்தது. குள்ளருக்கு மட்டும் தொல்லை அகப்படாமல் கொஞ்ச நேரம் அணிலைப் பார்த்தேன். "சார், அடிஷனல்" என்று யாரோ கூப்பிட்டார்கள், ஹெலன் மேடம் போனார். கடைசி வரியில், அறிவு யாருக்கும் பிறப்பால் கூடவோ குறையவோ செய்யாது என்று எழுதிக் கோடு போட்டேன். தலையை நிமிர்த்தியபோது மணி பன்னிரண்டு ஐம்பத்தைந்து. ஏதோ ஒரு பெரிய விஷயத்தை மறந்துவிட்டவன்போல் இருந்தது. ஒரு வாரமாகவே அப்படித்தான் இருக்கிறது, குகையைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் தண்ணீர் தெளிவாகத் தெரிகிறது, அதற்குமேல் நினைப்பு போக மறுக்கிறது.

மணி அடித்தது. முப்பத்தாறு விடைத்தாள், எண் வரிசைப்படி அடுக்கி நூல் கட்டினோம். அறை காலியானது, அந்த உயரப் பெண் போகும்போது ஹெலன் மேடத்தைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனாள், வாசலில் குனிய வேண்டிய உயரமில்லை, ஆனாலும் பழக்கத்தில் குனிந்தாள். பிறகு கூடுதல் தாள்கள். அவற்றில் ஒவ்வொன்றுக்கும் வரிசை எண் உண்டு, கொடுத்தது இத்தனை, மீந்தது இத்தனை என்று காட்டிவிட்டுத்தான் வெளியேற வேண்டும். ஹெலன் மேடம் எண்ணினார். மறுபடி எண்ணினார். "ஒண்ணு குறையுது சார்." நான் என் கையைப் பார்த்தேன். பன்னிரண்டு குலங்களும் பல்கலைக்கழக முத்திரைக்குக் கீழே, கோடு போட்ட தாளில், வரிசை எண் நானூற்றுப் பதினேழில் இருந்தன. கண்காணிப்பவர்கள் எழுதக் கூடாது என்ற விதியை நான் இருபத்திரண்டு வருடம் கடைப்பிடித்திருக்கிறேன். தாளை நீட்டினேன். அவர் வாங்கிப் படித்தார், நின்றபடி, முழுவதும். அரக்கரிடம் கொஞ்சம் அதிகநேரம் இருந்தார். "குள்ளருக்குத் தொல்லை சரியா வரல" என்றார். ஆமாம் மேடம் என்றேன். "அவங்கள எல்லாரும் சின்னப் பிள்ளைனு நெனச்சி மிட்டாய் குடுப்பாங்கன்னு வைங்க." அது நன்றாக இருந்தது, எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது. தாளைத் திருப்பிப் பார்த்தார். "பாழான தாள்னு காட்டணும். காரணம் கேட்டுருக்கான்." பேனாவை எடுத்துப் படிவத்தில் அவரே எழுதினார், எட்டிப் பார்த்தேன்: கண்காணிப்பாளர் எழுதிப் பார்த்தது. பொய் இல்லை. பிறகு பேனாவை மூடாமல், "இது எப்ப இருந்து சார்? இன்னைல இருந்தா, போன வாரத்துல இருந்தா?" என்றார்.

இதுதான் முள். ஒரு விதியை மாற்றலாம், ஆனால் உருண்டு நின்றுவிட்ட பகடைக்கு அதைப் பின்னோக்கிச் செலுத்துவது கூடாது, போன சனிக்கிழமைக்கு அப்படிச் செய்தால் நாளை பிச்சையா போன வருடம் ஆட்டத்தில் ஓடிப்போன தன் குதிரைக்கு வழக்குத் தொடுப்பான். கூடாது என்பதற்கு என்னிடம் ஆறு காரணங்கள் இருந்தன, எல்லாமே நல்ல காரணங்கள். ஆறையும் எண்ணி முடிப்பதற்குள் அவர் பேனாவை மூட ஆரம்பித்துவிட்டார், மூடி அந்தப் பேனாவின் மேல் வந்து உட்காரப்போன நேரத்தில் நான், "போன வாரத்துல இருந்து" என்றேன். "அப்போ பதினாறு?" "பதினாறு பதினாறுதான் மேடம்." "கனகவல்லி படிச்சிட்டா." "படிச்சிட்டா." ஹெலன் மேடம் அந்த வாரத்தில் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு வாரேன். பிச்சையாவயும் கூட்டிட்டு வாரேன், ஆனா அவன் குதிரையப் பத்திப் பேசுனா நான் பொறுப்பில்ல." விடைத்தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போனவர் திரும்பினார். "சார், கல்வெட்டுல என்னதான் எழுதிருக்கு?" சாயங்காலம் சொல்கிறேன் மேடம் என்றேன்.

வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். தண்ணீர் மூன்று பக்கம். நான்காம் பக்கத்தின் மேலே 'கல்வெட்டு வாசகம்' என்று தலைப்பு இருந்தது, அடிக்கோடு இட்டிருந்தேன். அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. மூன்று ஐம்பத்தைந்துக்கு வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது, கோமு அடுப்பங்கரையிலிருந்தே, "வந்துட்டாங்க" என்றாள். அன்று ஆட்டம், கல்வெட்டை எழுதி முடித்தபின், நாலே முக்காலுக்குத் தொடங்கியது.